சந்தேகம் பூஜ்ஜியம்

கொப்பரை வியாபாரத்தில் இறங்குகிறவன் முதலில் பழக வேண்டியது சும்மா இருக்கத்தான். விற்கிறவன் ஒரு விலை சொல்வான். உடனே பதில் சொன்னால் ஆள் புதுசு என்று அர்த்தம். மேலே கூரையைப் பார்க்கலாம். ஒரு கொப்பரைப் பருப்பை எடுத்து ஒடித்து முகர்ந்து பார்க்கலாம். டீக்காரன் வருகிறானா என்று வாசலை எட்டிப் பார்க்கலாம். அந்த இடைவெளியில் எதிராளி, விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டோமோ என்று நினைப்பான். கலக்கம் முற்றியதும் அவனே இறங்கி வருவான். காங்கேயத்துப் பக்கம் ரோட்டோரம் நிற்கிற மாடி வீடுகளில் பாதி, இப்படி வாயை மூடிக்கொண்டு கட்டியவை.

ஆகவே மண்டிக்காரர்கள் தங்களுக்குப் பதிலாகப் பேரம் பேச இயந்திரத்தில் ஆள் வைத்தபோது, கேட்ட முதல் கேள்வி, "இதுக்குச் சும்மா இருக்கத் தெரியுங்களா?" என்பதுதான்.

தெரிந்தது. 'பேச்சாள்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வியாபாரியின் காதில் ஒரு சின்னக் கருவி சில வருடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடையிலும் வீட்டிலும் அவர் யாரிடம் எப்படிப் பேசுகிறார், எங்கே முறைக்கிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார், பொய் சொல்வதற்கு முன்னால் எப்படிச் செருமுகிறார் என்று கேட்டுக் கேட்டு அவராகவே ஆகிவிடும். அப்புறம் அவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இலையை வழித்துக்கொண்டிருந்தாலும், கடை நம்பருக்கு வருகிற ஃபோனை அது எடுத்து அவர் குரலிலேயே பேசி வியாபாரத்தை முடித்துவிடும். இயந்திரத்துக்குப் பதில் கண் இமைப்பதற்குள் தயார். ஆனாலும் உடனே சொல்லாது. அவர் எவ்வளவு நேரம் சும்மா இருப்பாரோ அவ்வளவு நேரம் உள்ளே தூங்கிவிட்டுச் சொல்லும். இந்தப் பொய் மௌனத்துக்கு மண்டியில் 'இழுவை' என்று பேர். சில சமயம் நிஜமாகவே யோசிக்க வேண்டி வந்து மௌனமாக இருப்பதும் உண்டு. எது இழுவை, எது யோசனை என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் வியாபாரம்.

மண்டிக்காரர் சங்கத்துப் பேச்சாள்கள் எல்லாம் ஒரே பெரிய இயந்திரத்தில் ஓடின. அதைப் பராமரிப்பவள் மரகதம். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளைச் சங்கத்தார் பேசிக் கூட்டி வந்திருந்தார்கள். வந்த புதிதில் அவள் இயந்திரத்தின் உள்ளே எல்லா நிரல்களுக்கும் மேலே உட்கார்ந்து நாட்டாமை செய்கிற பகுதியைப் பற்றி விளக்கி, "இதுக்குப் பேரு கெர்னல்ங்க" என்றாள். சங்கத் தலைவர் நல்லசிவம் அகராதியைப் புரட்டினார். கெர்னல் என்றால் பருப்பு என்று போட்டிருந்தது. "தலைமுறையா நாம வித்த சரக்குத்தானப்பா" என்று சபையே சிரித்தது. அன்றிலிருந்து அது பருப்பு, மரகதம் பருப்புக்காரி.

பருப்பிடம் எண்ணிகள் உண்டு. எந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது, உள்ளே எந்த அறைக்குப் போய் எதை எடுக்கிறது, எப்போது தூங்குகிறது என்று அவை எண்ணிக்கொண்டே இருக்கும். இயந்திரம் சுணங்கினால் காரணம் கண்டுபிடிக்க வைத்த சமாசாரம். வியாபாரிக்கோ வேறு யோசனை. தேங்காயை உடைக்காமல் விரலால் தட்டியே முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிற மாதிரி, எண்ணியைப் பார்த்தால் எதிராளியின் மௌனம் காலியா, உள்ளே சரக்கு இருக்கிறதா என்று சொல்லிவிடலாமே. இழுவை என்றால் இன்னும் அடிக்கலாம். நிஜ யோசனை என்றால் ஆள் அடிவிலைக்கு வந்துவிட்டான்.

யார் யாரைத் தட்டிப் பார்க்கலாம் என்பதற்குப் பருப்பில் ஓர் எண் இருக்கிறது. அதை எழுதியவர்கள் அதற்கு வைத்த பெயரே சந்தேகம் என்ற பொருளில்தான். சந்தேகம் பூஜ்ஜியம் என்றால் எல்லாரும் எல்லாரையும் தட்டலாம். சந்தேகம் மூன்று என்றால் யாரும் யாரையும் தட்ட முடியாது, மரகதம் உட்பட. அந்த 'உட்பட' மரகதமே கேட்டு வாங்கியது.

"என்னால பாக்க முடியும்னு தெரிஞ்சுதுன்னா எங்கூட்டு வாசல்ல தெனமும் ஒரு பழக்கூடை வந்து நிக்குமுங்க. ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்கு நான் எடுத்துருவேன்" என்று சபையிலேயே சொன்னாள். வியாபாரிகளுக்கு அவள் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பூட்டு அப்படியே பருப்புக்குள் வைக்கப்பட்டது. மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தையே நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும்.

ஆடியில் மண்டிக்காரர் சென்னியப்பன் இறந்து போனார். ராசியான கை என்று பேர் எடுத்தவர். முதல் வருடத் திதி வரைக்கும் இறந்தவரின் பேச்சாளை ஓட்டிக்கொள்ளலாம் என்பது சங்க விதி. மகன் ஓட்டினான். செத்தவரோடு பேரம் பேச ஊருக்குக் கூச்சம் ஏற்படவில்லை; உயிரோடு இருந்தபோதும் ஃபோனில்தானே பேசினார்கள்.

அவருடைய மனைவி துளசிமணி ஐப்பசி மாதம் ஒரு நாள் இயந்திர அறைக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடிக்க, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

"பொணம் வைக்கற பெட்டியாட்டம் வச்சிருக்கறயே கண்ணு."

"சூடாச்சுன்னா இது பேசாதுங்க அக்கா."

"எங்கூட்டுக்காரரு சூடானாத்தான் பேசுவாரு" என்று சொல்லிவிட்டு, மரகதம் காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பொழுதோட தெனமும் கடை நம்பருக்குக் கூப்பிட்டு அவர்கிட்டப் பேசறேன். பையன் திட்டறான், அது கடைச் சமாசாரத்துக்கு வச்சது, தொல்லை பண்ணாதேங்கறான். காலமெல்லாம் ஒரே ஊட்டுல இருந்தோம். நான் கூப்பிட்டு அவரு எடுக்கறது இப்பத்தான்."

மரகதம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தாள்.

"தாரணி கூப்பிட்டாளான்னு கேக்கறேன்" என்றாள் துளசிமணி.

தாரணி கதை மண்டிக்கே தெரியும். ஒரே மகள். ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் எட்வின் என்கிற வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். சென்னியப்பன் மகளைத் தலைமுழுகினார். மனைவியின் ஃபோன் நம்பரை மாற்றினார். கல்யாணமான மறு வருடம் தாரணி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். எல்லாம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது. "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார் சென்னியப்பன். தாரணியின் கருமாதிக்கு அப்புறம் எட்வின் எப்படியோ துளசிமணியைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்: அப்பாவோட கடை நம்பர் மட்டும் மனப்பாடமாத் தெரியும், கூப்பிட்டு அம்மாவை அனுப்பச் சொல்லிக் கேக்கப் போறேன்னு சொன்னா; நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன்; கூப்பிட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க அத்தை.

"உசுரோட இருந்தப்ப ஒரு தடவை கேட்டேன். 'இல்ல துளசி'ன்னாரு. மறுக்காக் கேக்க எனக்குத் தெகிரியம் வல்ல. இப்பத் தெனமும் கேக்கறேன். சித்த நேரம் சும்மா இருக்கறாரு. அப்புறம் 'இல்ல துளசி'ங்கறாரு." அவள் மரகதத்தை நேராகப் பார்த்தாள். "அந்தச் சும்மா இருக்கறது காலியா, உள்ள சரக்கு இருக்குதா? அதை நீ தட்டிப் பாத்துச் சொல்லோணும்."

"கடைக்கு வந்த ஃபோன் பதிவெல்லாம்..."

"வியாபாரம் முடிஞ்சா அழிச்சிருவாங்க. மண்டி வழக்கம் எனக்குத் தெரியாதாக்கும்."

"பேச்சாளுக்கு உள்ளயும் எழுத்தா ஒண்ணும் இருக்காதுங்க அக்கா. தேங்காய்க்குள்ள எண்ணெய் இருக்கற மாதிரி. தனியா எடுத்துக் காட்ட முடியாது. ஆட்டினா எண்ணெய் வரும், தேங்காய் போயிரும்."

"அதனாலதான் தட்டச் சொல்றேன்."

"சந்தேகம் மூணுல இருக்குதுங்க. எனக்கே தெரியாது. ஒருத்தருக்காகத் திறந்தா எல்லாருக்கும் திறந்துக்கும். மத்தவங்க பேச்சாளுக சும்மா இருக்குமுங்களா? கதவு திறந்திருக்குதுன்னு மோப்பம் புடிச்சு ஒண்ணை ஒண்ணு தட்டிப் பாத்துரும். அப்புறம் மண்டியில எவரும் எவரையும் ஏமாத்த முடியாது. வியாபாரம் படுத்துரும். என் வேலையும் போயிரும்."

துளசிமணி மேலே பார்த்தாள். விரல் நகத்தைப் பார்த்தாள். ஏசி ஓடுகிற சத்தத்தை ரசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொப்பரை வியாபாரிக்கு மகளாகப் பிறந்து கொப்பரை வியாபாரிக்கு வாக்கப்பட்டவள். அவளுக்கு எதிரே சும்மா உட்கார்ந்து ஜெயிக்க மரகதத்துக்கு எங்கே பயிற்சி? குளிருக்கு முந்தானையை இன்னொரு சுற்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அமாவாசைக்கு மண்டி லீவுங்க" என்றாள் மரகதம் கடைசியில். "அன்னைக்கு வாங்க."

அமாவாசையன்று துளசிமணி படையல் போட்டுக் காக்கைக்கு வைத்துவிட்டு நெற்றியில் திருநீறு காயாமல் வந்தாள். மண்டி வாசல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. களத்தில் காய்கிற பருப்பை ஆடு மேயாமல் பார்த்துக்கொள்கிற கிழவரைத் தவிர ஆள் இல்லை. மரகதம் இயந்திரத்தை நிறுத்தினாள். அறை அமைதியானது. இத்தனை வருடத்தில் அவள் அந்த அமைதியை இரண்டொரு தடவைதான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அது பிடிப்பதில்லை. மூன்றை அழித்துப் பூஜ்ஜியம் போட்டாள். விசிறிகள் ஒவ்வொன்றாக இரைந்து எழுந்தன. ஒவ்வொரு பேச்சாளாகக் கண் விழித்தது.

திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடியது.

"இதுதானுங்க அவரு" என்றாள் மரகதம். சொன்ன பிறகு, வேறு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பட்டது. "யோசிச்சாக் கோடு மேல ஏறும். தூங்கினாத் தரையோட படுத்துரும். சீக்கிரம் கேளுங்க அக்கா, ரொம்ப நேரம் திறந்து வைக்க முடியாது."

துளசிமணி தன் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு துளசி" என்றது சென்னியப்பனின் குரல். உடம்பு இருந்தபோது இருந்த அதே சலிப்பு.

"இன்னைக்கு அமாவாசைங்க. உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சேன்."

மௌனம். கோடு தரையோடு கிடந்தது. "சரி, சரி" என்றது குரல்.

"இழுவைங்க" என்று மரகதம் வாயசைத்துக் காட்டினாள்.

"பூந்துறைச் சரக்கு இந்த வாரம் எடுக்கலாமான்னு பையன் கேக்கறான்."

கோடு விருட்டென்று ஏறி, மலை மாதிரி நின்று, இறங்கியது. "ஈரம் பாத்துட்டு எடுக்கச் சொல்லு."

"இது நிஜங்க."

துளசிமணி தலையை ஆட்டினாள். ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். "ஏனுங்க. தாரணி அன்னைக்குக் கடைக்குக் கூப்பிட்டாளுங்களா?"

மௌனம். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். கோடு அசையவில்லை. காற்றே இல்லாத நாளில் குளத்துத் தண்ணீர் கிடப்பதைப் போலக் கிடந்தது.

"இல்ல துளசி."

அவள் ஃபோனை அணைத்தாள். மரகதத்துக்கு மூச்சு வந்தது.

"காலிங்க அக்கா. உள்ள ஒண்ணும் நடக்கல. பொய் சொல்லோணும்னா யோசிக்கோணுமில்லீங்களா? யோசிக்கவே இல்ல. சும்மா வழக்கத்துக்கு நிறுத்தறாரு, அவ்வளவுதான்."

துளசிமணியின் முகத்தில் எந்த நிம்மதியும் தெரியவில்லை. "நீ கல்யாணம் பண்ணாதவ" என்றாள். "யோசிக்காமப் பொய் சொல்றவன் எப்படியிருப்பான்னு உனக்குத் தெரியாது. தயாரா வச்சிருப்பான் கண்ணு. முறுக்கு டப்பாவுல முறுக்கு இருக்கற மாதிரி."

அப்போது திரையில் கோடு ஏற ஆரம்பித்தது.

ஃபோன் அணைந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மண்டிக்கு லீவு. கோடு ஏறியது, ஒரு உச்சியில் நின்று நடுங்கியது, சரிந்தது, மறுபடியும் ஏறியது.

"என்ன பண்றாரு?" துளசிமணியின் குரல் இறங்கிவிட்டது.

மரகதம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நல்லசிவம் உள்ளே வந்தார். வேட்டி மடித்துக்கட்டு, கையில் ஃபோன்.

"மிஷின் நின்னு எழுந்துச்சுன்னு எனக்குச் செய்தி வருது. லீவு நாள்ல என்ன அம்மிணி..." என்றவர் திரையைப் பார்த்தார். துளசிமணியைப் பார்த்தார். மூலையில் மின்னிக்கொண்டிருந்த பூஜ்ஜியத்தைப் பார்த்தார். வியாபாரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில் ஒரு கணக்கு வந்தது. கதவைச் சாத்தினார்.

"திறந்தது திறந்தாச்சு" என்றார் மெதுவாக. "நான் ஒண்ணையும் பாக்கல. நீயும் வேலையில இரு. அந்த வெள்ளக்கோயில்காரன் பேச்சாளை மட்டும் சித்த தட்டிக் காட்டு. ரெண்டு வாரமா என்னைப் படுத்தறான்."

"அதுக்கு முன்னால உங்களது பாக்கலாமுங்களா அண்ணா?" மரகதம் விசையைத் தட்டினாள். நல்லசிவத்தின் பேர் போட்ட கோடு திரைக்கு வந்தது. அதுவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் லீவு விட்டிருக்கறேனே. யாரோட பேசுது?"

"தன்னோட தானே பேசுதுங்க. ஒத்திகை. வேலை இல்லாத நேரத்துல, தொங்கல்ல நிக்கற பேரத்தை எல்லாம் எடுத்து வச்சு, அவங்க இப்படிக் கேட்டா நாம என்ன சொல்லலாம்னு அதுபாட்டுக்குப் பேசிப் பாத்துக்கும். மறுபடி ஃபோன் வந்தாத் தயாரா இருக்கறதுக்கு."

தொங்கல் என்றால் மண்டியில் எல்லாருக்கும் தெரியும். ஒருவன் வந்து கேட்டான், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பேரம் தொங்குகிறது. ஒரு வார்த்தை விழுகிற வரைக்கும் அது செத்ததாகவும் ஆகாது, முடிந்ததாகவும் ஆகாது. அந்த வழக்கத்தைத்தான் பேச்சாள்களுக்கும் ஊட்டியிருந்தார்கள்.

"என்னோட தொங்கல்ல இப்ப எதுவும் இல்லையே" என்றார் நல்லசிவம்.

"இது கடை அறைக்குப் போகலைங்க. உங்க ஊட்டுப் பேச்சு இருக்கற அறைக்குப் போயிப் போயி வருது. என்ன பேச்சுன்னு என்னால பாக்க முடியாது. யாரோ உங்ககிட்ட முதல்ல வந்து ஏதோ கேட்டிருக்கோணும். நீங்க பதில் சொல்லாம விட்டிருக்கோணும்."

போன தை மாதம் நல்லசிவத்தின் தம்பி அவர் வாசலில் வந்து நின்றதையும், இவர் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதையும் ஊரே பார்த்தது. அந்தத் தம்பி இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. நல்லசிவம் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"மூடு அம்மிணி" என்றார். "எதையும் பாக்க வேண்டாம். மூடிரு."

"அவரு எந்த அறைக்குப் போறாரு?" என்றாள் துளசிமணி.

இருவரும் திரும்பினார்கள். அவள் எழுந்து திரைக்கு அருகில் வந்திருந்தாள். மரகதம் மறுபடி சென்னியப்பனின் கோட்டைக் கொண்டுவந்தாள். அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கடைத் தொங்கலையெல்லாம் மகன் காரியம் முடிந்த கையோடு தீர்த்துவிட்டிருந்தான். அங்கே ஒத்திகைக்கு எதுவும் மிச்சமில்லை.

"ஊட்டு அறைங்க."

துளசிமணி யோசித்தது கொஞ்ச நேரம்தான். "நான் எது கேட்டாலும் உடனே வேண்டாம்னுருவாரு. பையன் எது கேட்டாலும் உடனே சரிம்பாரு. எங்களுக்கெல்லாம் அவரு தொங்கல் வச்சதே இல்ல." விரலைத் திரையில் வைத்தாள். "இது அவ."

நல்லசிவம் ஒரு அடி அவள் பக்கம் வந்தார்.

"வேண்டாம்னு சொல்லலையே தங்கச்சி" என்றார் நல்லசிவம், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. "அதை நெனச்சுக்க."

"சரின்னும் சொல்லலையேங்க அண்ணா. அவ காத்துட்டே கெடந்திருப்பா." பிறகு மரகதத்திடம், "அவ செத்தது அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"சென்னியப்பண்ணனுக்குத் தெரிஞ்சது இதுக்கும் தெரியும். ஆனாத் தொங்கல்ல இருக்கற பேரத்துக்குள்ள போயிட்டா அதுக்குக் காலம் நகராதுங்க அக்கா. அந்த ஃபோன் வெச்ச நிமிசத்துலயே நிக்கும்."

திரையின் ஓரத்தில் வேறு பேர்கள் முளைக்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு ஒரு கொத்து. பேச்சாள்கள் கதவைக் கண்டுபிடித்துவிட்டன. ஒன்று இன்னொன்றைத் தட்டிப் பார்க்கிறது. நாளைக்குக் கடை திறந்தால் யாருடைய மௌனம் காலி என்று பாதி மண்டிக்குத் தெரிந்திருக்கும். பழக்கூடைக்குப் பயந்து போட்ட பூட்டை மரகதம் தன் கையாலேயே திறந்துவிட்டிருந்தாள். விசைப்பலகைக்குக் கை போனது.

"இன்னொரு தடவை பேசோணும்" என்றாள் துளசிமணி.

"அக்கா, நேரம் இல்லைங்க."

"என் ஃபோன்ல வேண்டாம். என் நம்பர் அவருக்குத் தெரியும்."

மரகதம் தலைவரைப் பார்த்தாள். நல்லசிவம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பேசட்டும்" என்றார். "வர்றதை நாளைக்குச் சபையில நான் பாத்துக்கறேன்." மேசை மேல் இருந்த சங்கத்து ஃபோனை அவரே எடுத்து நீட்டினார்.

துளசிமணி கடை நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். தாரணிக்கு அம்மாவின் குரல் அப்படியே வாய்த்திருந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். அவள் தொண்டையைச் சரிசெய்யவில்லை. குரலை மாற்றவில்லை. வயதை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்த மாதிரி இருந்தது.

"அப்பா" என்றாள்.

இழுவை வரவில்லை. செருமல் வரவில்லை. அவள் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. பச்சைக் கோடு தரையில் கிடந்தது. இனி யோசிக்க அதில் எதுவும் பாக்கி இல்லை.

"தாரணியா? அதே ஆஸ்பத்திரிதானே கண்ணு? அம்மாவை இப்பவே காருல ஏத்தி உடறேன். நீ பயப்படாத. அம்மா வந்துருவா."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லவில்லை. நல்லசிவம் சுவரை விட்டுத் திரும்பவில்லை. அவர் தோள் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

எத்தனை ஒத்திகைக்குப் பிறகு அந்த மனிதர் இந்த வார்த்தைக்கு வந்து சேர்ந்திருப்பார். அவர் வாழ்நாளில் எந்த வியாபாரத்திலும் இப்படிக் கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொண்டதில்லை. எதிராளியின் ஒரு 'சரிங்க அப்பா' விழுந்தால் போதும், தொங்கல் தீர்ந்துவிடும். அறைக்குப் போகிற நடை நின்றுவிடும். திரையில் கோடு இப்போது ஏறத் தொடங்கியது. காத்திருந்தது. ஏறிக்கொண்டே காத்திருந்தது.

"தாரணி? கண்ணு, கேக்குதா?"

ஸ்பீக்கரில் கேட்டும் துளசிமணி ஃபோனைக் காதோடு வைத்து அழுத்தியிருந்தாள். கண்ணீர் வந்து தாடையில் நின்றது. உதடு ஒரு சொல்லுக்குப் பிரிந்தது. மரகதம் அந்தச் சொல்லை எதிர்பார்த்துத் தானும் வாயைத் திறந்தாள்.

"ராங் நம்பருங்க" என்றாள் துளசிமணி தன் சொந்தக் குரலில், சின்னச் செருமலோடு. ஃபோனை வைத்தாள்.

கோடு திரையின் உச்சியைத் தொட்டது. இறங்கவில்லை.

மரகதம் இயந்திரத்தை நிறுத்தி, சந்தேகத்தை மூன்றாக்கி, மறுபடி எழுப்பினாள். கோடு மறைந்து, இருண்ட திரையில் மூன்று பேரின் முகமும் தெரிந்தது. 

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தங்கச்சி" என்றார் நல்லசிவம். "முடிஞ்சிருக்கும். பாவம்."

துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

"திதி வந்தா நிறுத்தோணும்னு ஒரு விதி வச்சிருக்கறீங்களே அண்ணா, அதை மாத்திப் போடுங்க."

"எதுக்கு?"

அவள் கதவைத் திறந்தாள். களத்து வெயில் உள்ளே விழுந்தது.

"யோசிக்கட்டும்" என்றாள்.